தான் எழுதிய பக்கத்தை அழிக்கக் கேட்டவர்

வள்ளத்துறை மண்டபத்தை எங்கள் பிரதேச சபை இடித்தது தவறு. விழப்போகிற கட்டடம் என்று ஒரு பழைய பதிவைக் காட்டி இடித்தார்கள். அந்தப் பதிவு பொய் என்று அதை எழுதியவரே நேரில் வந்து சொன்ன பிறகும், உண்மையென்று சத்தியம் செய்து கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி கொடுத்த பிறகும் இடித்தார்கள். இதை எழுதிவிட்டுத்தான் அவருடைய மறைவைப் பற்றி எழுத என்னால் முடியும்.

அவர் ஓவசியர் சுலைமாலெப்பை; அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிட்டவர். சபையின் கட்டட வேலைகளை முப்பது வருடத்துக்கு மேல் மேற்பார்வை செய்தவர். மண்டபம் இடிந்து ஐந்தாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். "பெயிண்டர் மாமா, வாப்பா மௌத்தாயிட்டார்" என்று மட்டும் சொன்னார். ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம். மையவாடி வாசலில் சபை ஆட்கள் இருவர் எனக்குக் கேட்கும்படி கதைத்துக்கொண்டார்கள். நல்ல மனிதராம், கடைசிக் காலத்தில் மட்டும் ஞாபகம் பிசகிவிட்டதாம். அவருக்கு ஞாபகம் பிசகவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் வேலை செய்த விதம் உங்களுக்குத் தெரியும். சுவரில் வெடிப்புக் கண்டால் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டுப் போவார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மாதக்கணக்கில் வந்து வந்து பார்ப்பார். யாராவது அவசரப்படுத்தினால், "சுவர் சொல்லட்டும், அதுக்குள்ள நாம கதைக்கப்படாது" என்பார். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, பாலை மரத்தில் கூரை போட்ட வள்ளத்துறை மண்டபத்திலும் அப்படி மூன்று கண்ணாடிகள் ஒட்டியிருந்தார். ஒன்றும் உடைந்ததில்லை.

நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். பலகை எழுதி எழுதி மூன்று மொழி எழுத்தும் பழகிக்கொண்டேன். சண்டைக் காலத்தில் ஒருநாள் நானா என்னை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். மூதூர்ப் பக்கமிருந்து வள்ளத்தில் ஓடிவந்த குடும்பங்கள் கடற்பக்கத்துப் பின்வாசலால் உள்ளே வந்து தங்கியிருந்தன. ஊரில் பெரிய கட்டடங்களைச் சீருடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த நேரம். மண்டபத்தைப் பார்க்க மறுநாள் ஆள் வருவதாக அவருக்குத் தகவல் கிடைத்திருந்தது. முன்வாசலுக்கு மேலிருந்த ஓடுகளில் கொஞ்சத்தை அவரே கழற்றிப் போட்டிருந்தார். பலகையில் 'ஆபத்தான கட்டடம்' என்று எழுதச் சொன்னார்.

எங்கே நானா ஆபத்து என்று கேட்டேன்.

"ஆபத்து நாளைக்கு ஜீப்பில வருது. நீ எழுது பெயிண்டர். சிங்களத்தைப் பெரிசா எழுது."

அன்றே சபையின் கட்டடப் பதிவேட்டிலும் எழுதினார்: 'சுவர்கள் உறுதியற்றவை. பாவனைக்கு உதவாது.' மறுநாள் வந்த அதிகாரி பலகையை வாசித்தார், பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார், போய்விட்டார். மண்டபம் தப்பியது. உள்ளே இருந்தவர்களும் தப்பினார்கள்.

சண்டை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மாற்றியிருக்கலாம். அவர் ஓய்வு பெறும் மாதத்தில் நான் அதை அவரிடம் சொன்னேன். "சமாதானம் எத்தினை தரம் வந்து போனது பெயிண்டர்? இன்னொருக்காத் தேவைப்பட்டா என்ன செய்ற?" என்று கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மங்கிப்போன பலகைக்கு இரண்டு தரம் புதிதாக மை பூசினவன் நான்தான். இது எங்கள் இருவருடைய பிழை. மறைக்கவில்லை. ஆனால் இடித்த பிழை எங்களுடையதல்ல.

சபைக்கு அந்த இடத்தில் மூன்று மாடிக் கடைத்தொகுதி வேண்டியிருந்தது. பழைய கட்டடத்தை இடிக்க ஒரு காரணம் வேண்டும். பதிவேட்டைத் திறந்தார்கள், காரணம் தயாராக இருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுவரைத் தொட்டும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அறிக்கையோடு இணைத்தார். தீர்மானம் நிறைவேறியது. செய்தி கேட்ட அன்றே நானா என்னையும் கூட்டிக்கொண்டு சபைத் தலைவரான தவிசாளரின் அறைக்குப் போனார். தவிசாளர் மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தினார். பிரதியை எடுத்து முன்னால் வைத்து, அவருடைய கையெழுத்துத்தானே என்று கேட்டார்.

"ஓம், என்ட கையெழுத்துத்தான். ஆனா எழுதினது பொய், மகன். ஆக்களைக் காப்பாத்த எழுதினனான்."

அங்கிருந்த உறுப்பினர்கள் சிரித்தார்கள். அரச புத்தகத்தில் பொய் எழுதினேன் என்று சொல்கிறவரின் சொல்லை இப்போது எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டார். "என்னை நம்ப வேணாம். மண்டபத்துக்குப் போய்க் கண்ணாடியைப் பாருங்கோ" என்றார் நானா. யாரும் போகவில்லை.

அதன் பிறகுதான் சத்தியக்கடதாசி. பொய்ப் பதிவு செய்ததாக எழுதிக் கொடுத்தால் வழக்கு வரலாம் என்று சட்டத்தரணி எச்சரித்தார். மகள் வேண்டாமென்று அழுதார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று நானும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "இந்த வயசில என்னைக் கொண்டு போய் மறியல் வீட்டில போடுவாங்களா? போட்டா நல்லது, அந்தக் கட்டடத்தையும் ஒருக்காப் பாத்துச் சொல்லலாம்" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சபை முத்திரை குத்தி வாங்கிக்கொண்டது. பதில் வரவில்லை. ஒரு போயா விடுமுறை நாளில், சபைக் கந்தோர் பூட்டியிருக்கும் நாளாகப் பார்த்து, இடிக்கிற பெக்கோ இயந்திரம் வந்தது.

நாங்கள் ஓட்டோவில் போய்ச் சேரும்போது கூரை போய்விட்டது. மேற்குச் சுவர் பின்நேர அஸர் தொழுகை நேரம் வரை நின்றது. பெக்கோக்காரர் களைத்து இறங்கி வந்து, எங்களை யாரென்று தெரியாமல், "இதையா ஐயா விழப்போற கட்டடம் எண்டவங்கள்?" என்று கேட்டார்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு என் பட்டறைக்கு வந்தார். அதே காலத்தில், அதே பயத்தில், அதே வசனத்தைச் சந்தையடிப் பழைய மருந்தகத்துக்கும் கரையோர வாசிகசாலைக்கும் எழுதியிருந்ததாகச் சொன்னார். இரண்டும் இன்றும் உறுதியாக நிற்பவை. "ஒரு பக்கத்தைத் திறந்து பாத்தவங்கள் மத்தப் பக்கங்களையும் திறப்பாங்கள் பெயிண்டர். நான் இருக்கக்குள்ள அழிச்சுப்போடவேணும்." அன்று மாலையே இரண்டாவது சத்தியக்கடதாசியைத் தட்டச்சுச் செய்வித்தோம். திங்கட்கிழமை கையெழுத்திடுவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கையெழுத்தில்லாத அந்தத் தாள். தன் பொய்யைத் தானே போய்ச் சொல்லும் துணிவை அவரிடம் கண்டேன். அதில் கொஞ்சமாவது என்னிடம் தங்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை. பலகை எழுதியவன் என்ற முறையில் நானறிந்ததை என் பெயரில் சத்தியக்கடதாசியாக வரும் திங்கட்கிழமை நான் கொடுக்க வேண்டும். கொடுப்பேன். செயலாளர் நானாவின் முதல் சத்தியக்கடதாசியை அந்தப் பதிவேட்டிலேயே இணைக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மருந்தகத்துக்கும் வாசிகசாலைக்கும் நேரில் போய்ச் சுவர்களைச் சோதித்து, தான் கண்டதை எழுத வேண்டும். மரபுரிமைக்குப் பொறுப்பான அதிகாரிகள் அதுவரை அந்த இரண்டிலும் யாரும் கைவைக்க விடக்கூடாது. தவிசாளர் இனிமேல் எந்தக் கட்டடத்தையும் விடுமுறை நாளில் இடிப்பதில்லை என்று சபையில் அறிவிக்க வேண்டும். இடிக்கும் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களில் ஒருவர், சிறு பிள்ளையாகத் தாயோடு மூதூரிலிருந்து வந்து அதே மண்டபத்தில் நான்கு மாதம் படுத்தெழும்பியவர். பெயரை நான் எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் அதை அவரே எழுந்து சொல்ல வேண்டும்.