வலைக் குண்டும் கோயில் மணியும்

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையோரம் இருந்த எங்கள் ஊரில், எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்காதவள் செபஸ்தியம்மாள். எண்ணெய்க்காரன் படியைக் கவிழ்த்து அடியைத் தட்டுவாள். கோயில் மெழுகுவத்தியைக்கூட மோந்து பார்ப்பாள். அவளிடம் நல்ல பெயர் வாங்கினவர் ஊரில் கிடையாது; நானும் வாங்கவில்லை.

அவளுடைய ஒரே மகன் செல்வநாதன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனான். இறந்துவிட்டான் என்று தந்தி வந்தபோது அதையும் திருப்பிப் பார்த்தாள். "உலகத்துல ஒரு செல்வநாதன்தான் இருக்கானா? இது வேற எவனோ" என்று, துக்க மணி அடிக்கக் கிளம்பியவரை விரட்டிவிட்டாள். சண்டை முடிந்து, அவனைத் தன் கையால் புதைத்த பட்டாளத்துக் கூட்டாளி சவரியார் தன் ஊரான வரதராஜன்பேட்டைக்குத் திரும்பினான். அவனையும் விடவில்லை. "எந்தக் கால்ல தழும்பு?" என்றாள். "வலது கணுக்கால்லம்மா" என்றான். அன்றைக்குத்தான் அழுதாள்.

அதற்குள் கோயில் மணி விரிசல் விட்டிருந்தது. புது மணி வார்த்ததும் முதல் துக்க மணி தன் மகனுக்கு அடிக்க வேண்டும், அது அக்கரை வரைக்கும் கேட்க வேண்டும். அவள் பங்குச் சாமியாரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

வார்ப்பதற்குக் கும்பகோணம் பக்கமிருந்து பழனிவேல் பத்தர் வந்தார். பழைய மணியின் விரிசலைத் தடவிப் பார்த்து, "செம்புல வெள்ளீயம் கூடிப்போச்சு. கூடுனா கணீர்னு பாடும், அடி தாங்காம வெடிச்சிடும். கொறைஞ்சா வெடிக்காது, பாடவும் பாடாது" என்றார். அதற்குமேல் பேசவில்லை. பேசாத ஆளைக் கண்டாலே செபஸ்தியம்மாளுக்கு ஆகாது.

தங்கள் வீட்டு உலோகம் கலந்த மணிதான் தங்கள் சாவுக்கு மனசார அழும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு எண்ணம். வீட்டுக்கு வீடு செம்பும் குடமும் வந்து குவிந்தன. செபஸ்தியம்மாள் மகனுடைய வீச்சு வலையை அறுத்து, அதிலிருந்த காரீயக் குண்டுகளைக் கொண்டுவந்தாள். அவன் விட்டுப்போன உலோகம் அவ்வளவுதான்.

வார்ப்பு நாளன்று உலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து பத்தரின் கையைக் காவல் காத்தாள். அவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். வலைக் குண்டுகளை மட்டும் ஒரு துணியில் முடிந்து, தன் வண்டியில் வைத்தார்.

"பாத்தியா, அமுக்குறான்" என்று பக்கத்திலிருந்த விண்ணரசியிடம் முணுமுணுத்தாள். வார்ப்பதற்கு முன் குளிக்க வேண்டுமென்று பத்தர் ஆற்றுக்குப் போனார். செபஸ்தியம்மாள் வண்டியிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்து, கொதிக்கிற செம்பில் கொட்டினாள். துணியைப் பழையபடி வண்டியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். விண்ணரசி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் பத்தர் மேல் சந்தேகம்தான்.

வார்த்து ஆறிய மணியை ஏற்றிக் கட்டினார்கள். செல்வநாதன் பெயரைச் சொல்லிச் சாமியார் கயிற்றை இழுத்தார். மரக்கட்டையில் தட்டினது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்தார். அதே சத்தம். அது கோயில் வாசலையே தாண்டவில்லை, அக்கரைக்கு எங்கே போவது!

"வெள்ளீயத்தைத் திருடிட்டான்யா!" என்று கூட்டம் பத்தரின் வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டது. கூட்டத்திலிருந்த மிக்கேல் அவருடைய சட்டையைப் பிடித்தான். நானும்தான் கத்தினேன். முதல் ஆளாகக் கத்த வேண்டிய செபஸ்தியம்மாள் மட்டும் அசையாமல் நின்றாள்.

பத்தர் மணியில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். "இதுல காரீயம் விழுந்திருக்கு. காரீயம் கொஞ்சம் சேந்தாலும் மணி ஊமைங்க. அதுக்குத்தான் அந்தம்மா கொடுத்ததைத் தனியா எடுத்து வச்சேன். செத்துப்போன புள்ளையோட பொருளுன்னு சொன்னாங்க. திருப்பிக் கொடுக்கலாம்னுதான் முடிஞ்சு வச்சேன்" என்றார்.

"அவரை விடுங்கடா" என்றாள் செபஸ்தியம்மாள். "நான்தான் கொட்டுனேன். எம் மவனுக்கு அடிக்கிற மணியை நானே ஊமையாக்கிட்டேன்."

மிக்கேல் சட்டையிலிருந்து கையை எடுத்தான். பத்தர் வண்டிக்குப் போய்த் துணியை உதறினார். மடிப்பில் சிக்கியிருந்த ஒரு குண்டு விழுந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

செபஸ்தியம்மாள் அதைத் திருப்பிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.