முக்கால் மணி நேரம்

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் இரத்தத்தை மெஷினில் ஓட்டிச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். ஸ்கேல் அக்கா என்றால் வாசல் காவல்காரர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். அவள் போட்ட கோடு கோணாது என்பதால் வந்த பட்டப்பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். நோயாளிகள் அதையே மரியாதையாக்கிவிட்டார்கள், அவளும் உள்ளூரப் பூரித்துப்போனாள்.

மெஷின்கள் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். உள்ளே ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துப் போனாலோ, உலகத்தை விட்டே போனாலோதான் இடம் காலியாகும். அதற்காக வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த ஆள்; அவர் உள்ளே போனால் மற்றவர்கள் ஓர் இடம் நகர்வார்கள். அவள் போட்ட சட்டம். சிபாரிசோடு வந்த பெரிய மனிதர்களுக்கும் பெஞ்சின் கடைசியைத்தான் காட்டியிருக்கிறாள். அதுவரை மாத்திரை, ஊசி, மூச்சு முட்டினால் அவசரத்துக்கு ஒரு தடவை மெஷின். நகர்ந்து நகர்ந்து கதவை எட்டுவதற்குள் செத்துப்போனவர்களும் உண்டு. அதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா என்பாள்.

ஒருநாள் காலையில் அந்த பெஞ்சின் கடைசியில் அவளுடைய தம்பி வந்து உட்கார்ந்தான்.

அம்மா போன பிறகு அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. லாரி ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள். இப்போது கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். அவன் மனைவி அக்காவின் வீட்டு வாசலுக்கே வந்து அவளை மறித்துக்கொண்டாள்.

"எல்லாம் உங்க கையிலதானே இருக்கு அண்ணி?"

"பெஞ்சு இருக்கும்மா. அவனுக்கு முன்னாடி எத்தனை பேர் உக்காந்திருக்காங்க பாத்தியா?"

"பெஞ்சுதான் அவருக்கு அக்காவா?"

அன்று இரவு அவள் மெஷின்களின் நேர அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜன்னலோர மெஷினில் காலையில் ஒரு தையல்காரர், மதியம் ஓய்வு பெற்ற தபால்காரர், பிற்பகலில் ஒரு கல்லூரிப் பெண். ஆளுக்கு நான்கு மணி நேரம். அதற்குப் பிறகு மெஷினுக்கு வரும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அறையைப் பூட்டிவிடுவார்கள். மூவரிடமும் முக்கால் முக்காலாக எடுத்தால், பூட்டுவதற்கு முன் தம்பிக்கு இரண்டேகால் மணி நேரம் கிடைக்கும். அரை வைத்தியம்தான், ஆனால் ஆளைச் சாகவிடாத வைத்தியம்.

ஏன் அந்த மெஷின் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தெரியும். அந்த மூன்று பேரும் கேள்வி கேட்காதவர்கள். கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். "மெஷினுக்குப் புது ஃபில்டர் வந்திருக்கு, இனிமே சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள். தபால்காரர் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார். மாலையில் பெஞ்சு காலியான பிறகு தம்பி உள்ளே வந்தபோது, டாக்டர் உத்தரவு என்று மற்ற நர்சுகளிடம் சொன்னாள். ஸ்கேல் அக்கா சொன்னால் அப்பீல் ஏது?

தம்பி பிழைத்துக்கொண்டான். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனபோது மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வாசற்படியில் நின்று அந்தக் குறட்டையைக் கேட்டுக் கேட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

அப்புறம் தையல்காரருக்கு உடம்பு ஊத ஆரம்பித்தது.

"அக்கா, நான் தைச்ச சட்டை எனக்கே பத்தல. இதுக்கு யாரைப் போய்த் திட்டுறது?" என்று சிரித்தார்.

உடம்பில் தேங்கும் நீரை மெஷின்தான் எடுக்க வேண்டும். நேரம் குறைந்தால் நீர் உள்ளேயே தங்கும். அவளுக்கா இது தெரியாது? தெரிந்துகொண்டேதான் சள்ளென்று விழுந்தாள்.

"தண்ணியை அளவாக் குடிங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வாயைக் கட்டாம இருந்தா நாங்க என்ன பண்ண முடியும்?"

"சத்தியமா இல்லக்கா. நீங்க சொன்ன அளவுதான்."

"அப்ப அதையும் பாதியாக் குறைங்க."

அடுத்த முறை உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து வந்தார். எடை மட்டும் குறையவில்லை. ஊசி ஏற்றும்போது அவர் மன்னிப்புக் கேட்டார், தன்னையறியாமல் எங்காவது குடித்திருப்பேன் என்று. அன்று நான்கு மணி நேரம் வைத்துவிடலாம் என்று அவள் கை போனது. போன வேகத்திலேயே தம்பியின் குறட்டை காதில் கேட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இடையில் ஒரு ஞாயிறு, மெஷின்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமை தையல்காரர் மெஷின் வரை வரவில்லை. நுரையீரல் முழுக்க நீரோடு அவசரப் பிரிவிலேயே முடிந்துபோனார். இதயம் ஏற்கெனவே பலவீனம், என்றைக்கானாலும் நடக்கக்கூடியதுதான் என்றார் டாக்டர். இருக்கலாம். முழு நேரம் கொடுத்திருந்தாலும் போயிருப்பாரோ என்னவோ. இனி அதை யாராலும் சொல்ல முடியாது, அவளுக்கு அந்த நிம்மதியும் கிடையாது.

தையல்காரரின் மனைவி அவளைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். கேட்கப்போகிறாள் என்று ஸ்கேல் அக்கா பயந்தாள். கேட்டுவிட மாட்டாளா என்றும் இருந்தது.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் சிஸ்டர். தண்ணி பாட்டிலை அலமாரியில வெச்சுப் பூட்டுனேன். நேத்துக்கூட ஒரு மடக்கு குடுடின்னு கெஞ்சினாரு, குடுக்கல. அப்படியும் எனக்குத் தெரியாம எங்கயோ குடிச்சிருக்காரு போல. நீங்க பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் தலையை ஆட்டினாள். உண்மை தொண்டை வரை வந்தது. சொன்னால் வேலை போகும், போகட்டும். மாலை மெஷினும் போகும், அதோடு தம்பியும் போவான். அந்த மனைவியின் தோளைத் தட்டி, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

காலை நேர இடம் காலியாக இருந்தது. தம்பியையே அதில் போட்டுவிட்டால் மற்ற இருவருக்கும் முழு நேரம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பெஞ்சு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்குமே.  கதவைத் திறந்து, சட்டப்படி, கதவோரத்தில் இருந்தவளைக் கூப்பிட்டாள்.

கைக்குழந்தைக்காரி, சின்னப் பெண். குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓர் இடம் நகர்ந்தார்கள்.

"ஸ்கேல் அக்கா கைக்கு வந்தாச்சுல்ல, இனிமே பயமில்ல" என்றான் கணவன்.

அந்தப் பெண் படுத்துக்கொண்டு கையை நீட்டினாள். ஊசி ஏறியது, குழாயில் இரத்தம் ஓட ஆரம்பித்தது. நேரம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா? குழந்தை பசி தாங்காது."

ஸ்கேல் அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள்.

"மூணேகால் மணி நேரம்மா. சீக்கிரம் முடிஞ்சிடும்."