வாயு, ஆவி, கேஸ்

ஆரணியில் நான் குடியிருப்பது ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர்கள் தறி போட்டிருக்கிறார்கள். காலையில் தறிச் சத்தம் தொடங்கும்போது நானும் மேசைக்கு முன் உட்காருவேன். கணவர் இறந்த பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்துக்குப் படக்கதைகளைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். எல்லாம் மெயிலில் வரும், மெயிலில் போகும். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். சில நாட்கள், சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்திருக்கிறேன் என்பது உறைக்கும்.

போன வருஷம் வந்த தொடரில் வில்லன் ஒரு ரசாயன ஆலைத் தொழிலாளி. விபத்தில் உடம்பு மாறி, நினைத்தபோது வாயுவாகிவிடுவான். சாவித் துவாரம் வழியாக வங்கிக்குள் நுழைவான். போலீஸ் சுட்டால் குண்டு அவனைக் கடந்து சுவரில் போய்ப் பதியும். முதல் பாகத்திலேயே எனக்குச் சிக்கல். வாயு என்று எழுதினால் பிள்ளைகள் வயிற்றுக் கோளாறை நினைத்துச் சிரிப்பார்கள். ஆவி என்றால் பேய்க்கதை ஆகிவிடும். புகை என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இவன் தெரியமாட்டான். பதிப்பாசிரியரைக் கேட்டதற்கு, உங்கள் விருப்பம் மேடம் என்று ஒரு வரி வந்தது. வாயு என்றே வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சிக்கலை அவரிடம் சொல்லவில்லை. வில்லன் அறைக்குள் வந்துவிட்டதை மற்றவர்கள் நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். எனக்கோ கொரோனா காய்ச்சலில் போன மோப்பம் திரும்பவே இல்லை. ரைஸ் மில்லில் நெல் ஊறிப் புளித்த தண்ணீரை நினைவுபடுத்திக்கொண்டு அந்த வசனங்களை எழுதினேன். மகளுக்கும் இது தெரியாது. சொன்னால் டாக்டர், ஸ்கேன் என்று தினமும் போன் செய்வாள். பிறகு ஒருநாள் அலுத்துவிடுவாள். அதற்குத்தான் பயந்தேன்.

ஆறாம் பாகத்தில் அவன் தன் பழைய வீட்டுக்குப் போகிறான். மனைவியும் மகனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறான். மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுகிறாள். அவன் வெளியே போய்விடுகிறான். அந்தப் பக்கத்தில் வசனமே கிடையாது, எனக்கு வேலையும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் வைத்தது மறந்தே போனது.

மாடிப்படியில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு அம்மா. தண்ணீர் மோட்டாரைப் பற்றித் தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நேராகச் சமையலறைக்குள் போய் அடுப்பைத் திருகி மூடி, சிலிண்டரையும் அடைத்து, ஜன்னல்களைத் திறந்தார். நான் ஃபேன் போடப் போனேன்.

"சுச்சி மேல கை வைக்காதீங்கக்கா. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்குது. கேஸ் படியில இறங்கி தறி வரைக்கும் வருது, நீங்க பாட்டுக்கு உக்காந்துகினு இருக்கீங்க."

எனக்கு வாசனை தெரியாது என்று சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றும் சொன்னேன். வேறு ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டார். லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டிக் கதையைச் சொன்னேன். ஜன்னல் திறக்கிற கட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"கட்டினவன் வாசனை அந்தப் பொம்பளைக்குத் தெரியாமப் போச்சா?" என்றார்.

உள்ளே போய்ப் பீரோவிலிருந்து என் கணவரின் ஒரு சட்டையை எடுத்து வந்தேன். அவர் போன பிறகு துவைக்காமல் வைத்திருப்பது. காய்ச்சலுக்கு முன்பு அதை எடுத்து முகர்வேன். காய்ச்சலுக்குப் பிறகு அது வெறும் துணி.

"இதுல ஏதாவது வாசனை இருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

அந்த அம்மா தயங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, காலரை முகர்ந்தார். அக்குள் பக்கமும் முகர்ந்தார்.

"அந்துருண்டை வாசனைதாங்கக்கா வருது," என்றார். "வேற ஒண்ணும் இல்ல."

சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். கீழே தறி நின்றிருந்தது, சாப்பாட்டு நேரம். அவர் இறங்கிப் போனார்.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்து சொன்னேன். சனிக்கிழமை கேஸ் அலாரம் ஒன்றோடு வந்து சுவரில் மாட்டினாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்தாள். கூட்டு, பருப்பு, ஒரு டப்பா சட்னி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இதெல்லாமா சாப்பிட்டுக்கிட்டு இருந்தே?" என்று கேட்டாள். அழுதாள். பெங்களூர் வந்துவிடு என்றாள். தொடர் முடியட்டும் என்றேன். மறுபடி கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். வேலூர் தாண்டியதும் கூப்பிடுவதாகச் சொன்னாள். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, போன் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில், சாப்பிட்டியா என்று ஒரு மெசேஜ் வந்தது. சாப்பிட்டேன் என்று பதில் போட்டுவிட்டு, எழுந்து அரிசி களைந்தேன்.