சாராயக்கடை வாசலில் லோகாம்பாள்

காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடி லோகாம்பாளுக்கு அறுபது தாண்டியதும் முழங்கால் இரண்டும் சேற்றில் நிற்க மறுத்துவிட்டன. நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை. மகன் மருதையன் சம்பாதித்ததையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தான். மருமகள் அமுதம், இரண்டு பிள்ளைகள். அடுப்பு எரிந்தாக வேண்டும்.

அது எழுபத்து நாலாம் வருஷக் கடைசி. தமிழ்நாட்டில் சாராயக்கடைகளை மறுபடி மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள், புதுச்சேரி ஆட்சியில் கடைகள் திறந்தே கிடந்த காரைக்காலில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ரோட்டோரச் சாராயக்கடையொன்றின் வாசலில் லோகாம்பாள் அடுப்பு மூட்டி நெத்திலி வறுத்தாள். ஒருவருக்குப் பூவரச இலையில் வைத்துக் கொடுப்பதற்குள் அடுத்த கை நீளும். வீட்டில் வேளாவேளைக்குச் சோறு வெந்தது.

ஆனால் மருதையனும் அந்தக் கடைக்கே வரத் தொடங்கினான்.

கடையைப் பார்த்துக்கொண்ட நீலகண்டனிடம் கெஞ்சினாள்.

"தம்பி, எம் மவனுக்கு மட்டும் ஊத்தாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நான் ஊத்தலேன்னா அடுத்த கடையில குடிப்பான்க்கா. இங்கன்னா ஒங்க கண்ணு முன்னாடியாச்சும் கெடப்பான்."

அவமானம் பொறுக்காமல் அம்பகரத்தூர் காளி கோயில் பக்கம் போய்ச் சுண்டல் விற்றுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை நாலு பேர் வாங்கினார்கள். மற்ற நாளெல்லாம் ஊசிப்போய் மாட்டுக்குத்தான் போயிற்று. பிள்ளைகள் கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தன. அந்த வாரமே பழைய வாசலுக்குத் திரும்பிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் மருதையன் தள்ளாடி வந்து கை நீட்டினான்.

"ஒரு எலை குடும்மா."

"போடா அந்தாண்ட! நீ தொட்டுக்கவா நான் இந்தப் பொகையில வேவுறேன்?"

அவன் கடைக்குள்ளே திரும்பினான். முதுகெலும்பு சட்டையைத் துருத்திக்கொண்டு தெரிந்தது. காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"டேய், வெறும் வயித்துல குடிக்காத. இந்தா."

நீட்டிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

விஷயம் தெரிந்து அமுதம் கத்தினாள். "நீங்களே குடுக்குறீங்களா அத்த? நாளையிலேருந்து அங்க போவாதீங்க."

"போவலேன்னா ஒலையில என்னத்தடி போடுவ?"

அமுதம் முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

எண்பதில் மருதையன் வயிறு வீங்கிச் செத்துப்போனான். கருமாதி முடிந்த மறுநாள் லோகாம்பாள் மீன் கழுவ உட்கார்ந்தாள். கண் மங்கிவிட்டது, எண்ணெயில் விரலைச் சுட்டுக்கொள்ளாத நாளில்லை. ஒருநாள் அமுதமே கடை வாசலுக்கு வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ இங்க வரக் கூடாதுடி. இந்த எடம் என்னோட போவட்டும்."

"வேற எங்க போவச் சொல்றீங்க, அத்த?"

பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி அடுப்பைப் பார்த்து நடந்து வந்தார்கள். லோகாம்பாள் நகர்ந்து மருமகளுக்கு இடம் விட்டாள்.