அழகிரிசாமியின் காது

எங்கள் மில் குடியிருப்பின் மாரியம்மன் திருவிழாவுக்கு எந்தக் கச்சேரிக் குழுவை அழைப்பது என்பதைப் பதினோரு ஆண்டுகள் ஒருவர்தான் முடிவு செய்தார். அவர் விழாக் கமிட்டியின் தலைவர் அல்லர். அதில் உறுப்பினர்கூட அல்லர். நூற்பாலையின் ரிங் பிரேம் பிரிவில், அறுந்த நூலை இணைத்தபடி எந்திரங்களுக்கிடையே எட்டு மணி நேரம் நடக்கும் தொழிலாளி. பெயர் அழகிரிசாமி.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவர். மில் தந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்தார். மனைவி பங்காரம்மா. மகள் மானசா பள்ளியிறுதி வகுப்பில் இருந்தாள். நிலமில்லை, சொந்த வீடில்லை, மேற்பார்வையாளர்கள் அவரை ஒருமையில்தான் விளிப்பார்கள். ஆயினும் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, அதே மேற்பார்வையாளர்கள், “இந்த வருசம் யாருங்க வாராங்க?” என்று அவரிடம் மரியாதையாகக் கேட்பார்கள். குழுக்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வந்து இரண்டு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும். இவர் கண்ணை மூடி அமர்ந்திருப்பார். எங்கேனும் ஒரு சுரம் இம்மி பிசகினால் ஆள்காட்டி விரல் மட்டும் உயரும். ஒருமுறை வயலின்காரர் ஒருவர் விரலைப் பார்த்துச் சினந்து, தம் தந்தியைச் சோதித்துவிட்டு, எழுந்து வந்து கும்பிட்டார். அந்த ஒரு கும்பிடு குடியிருப்பில் பல ஆண்டுகள் பேசப்பட்டது.

ஞாயிறு மாலைகளில் பெருமாள் கோயிலில் பாசுரம் பாடும் எங்கள் சிறு குழுவில் அவர் எனக்கு அடுத்து நிற்பார். என் சுருதி இறங்கினால் அவர் முழங்கை என் விலாவில் படும். நான் எவரிடமும் பயின்றவன் அல்லன். பழைய ஏடுகளையும் பண்களையும் நானே தடவித் தடவிக் கற்றவன். அந்த முழங்கையே எனக்கு ஆசானாக இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஓர் இளம் திரைப்பட இசையமைப்பாளர் புறப்பட்டார். பெயர் இங்கே வேண்டாம். டவுன் பஸ், டீக்கடை, முடிதிருத்தும் கடை எங்கும் அவர் இசையே. பரிசுகள் குவிந்தன. அவரைப் போல் முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை என்று எழுதினார்கள். அழகிரிசாமி மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

“சத்தம் இருக்குதுங்க, சொல்லு இல்லீங்க. கெணத்துக்குள்ள இருந்து பாடறாப்பல இருக்குது. வாயைத் தொறந்து பாடுன்னு அந்தப் பாடற புள்ளைக்கு யாரும் சொல்லித் தரலையாட்ட இருக்குது. ஊரே சேந்து தூக்கி வச்சிருக்குது, அவ்வளவுதானுங்க.”

எனக்கு இது தேனாக இருந்தது. சொல்லை மூடும் இசையை எனக்கு எந்நாளும் பிடித்ததில்லை. அந்தப் பாடல்களை நான் முழுதாக அமர்ந்து கேட்டதுமில்லை. எனினும், “தந்தியில் இம்மி பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது சொல்கிறது” என்று அவர் கூற்றைப் போகுமிடமெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

எதிர்க்கட்சி கோவை உக்கடத்தில் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு அருகே அமீர் ஹம்சா ஒலிநாடாக் கடை வைத்திருந்தார். பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தருவார். அழகிரிசாமிக்கும் அவருக்கும் இருபது ஆண்டுப் பழக்கம். வார விடுமுறையில் இருவரும் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு சண்டையிடுவார்கள்.

“பாய், அந்தாளை எடுத்துப்போட்டு மனுசன் பாட்டு எதையாச்சும் போடுங்க.”

“ஏனுங்கண்ணா, கோயமுத்தூரே கேக்குது. உங்களுக்கு மட்டும் ஆகலீங்களா?”

“கோயமுத்தூர் எதையும் கேக்கும். மில் சங்கு ஊதுனாலும் கேக்கும்.”

“சங்குக்கு யாரும் பரிசு குடுக்கலீங்களே.”

“குடுத்திருக்கோணும் பாய். அதுலயாச்சும் ஒரு சுருதி நிக்குது.”

ஹம்சா தோற்றதுபோல் தலையில் கை வைத்துக்கொண்டு தேநீர் வரவழைப்பார்.

1995இல் விழாக் கமிட்டிக்கு வேங்கடசாமி தலைவரானார். நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் முப்பது வயதுக்காரர். பெருந்துறையிலிருந்து ஒரு குழுவை அழைத்துவர விரும்பினார். அது அந்த இசையமைப்பாளரின் பாடல்களை மட்டுமே வாசிக்கும் குழு. அழகிரிசாமி கூடாதென்றார். இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். முடிவில் வேங்கடசாமி ஒரு ஏற்பாடு சொன்னார்.

“அண்ணா, அவரு பாட்டுலயே நல்ல பாட்டா ஒண்ணை நீங்க முழுசாக் கேக்கோணும். கேட்டுப்போட்டு மட்டம்னு சொன்னீங்கன்னா அந்தக் குழு வேண்டாமுங்க. நல்லாருக்குதுன்னா கூப்புடோணும். கேக்காமலே சொல்றீங்கன்னு பசங்க பேசறாங்க. இப்படியே போனா அடுத்த வருசம் உங்களைக் கேக்கோணுமான்னு கேப்பாங்க.”

“கேக்கறேன் கண்ணு. எங்கிட்ட இருக்கறது இந்தக் காது ஒண்ணுதான். அதைக் கொண்டாந்து வெக்கறேன்.”

அடுத்த ஞாயிறு காலை ஹம்சாவின் கடையில் கூடினோம். அழகிரிசாமி, நான், வேங்கடசாமி, கமிட்டியார் இருவர். பேரிரைச்சல்தான் அழகிரிசாமி சொல்லும் குறை என்பதால் ஹம்சா தந்திரமாக ஒரு பாட்டைத் தேர்ந்திருந்தார். அதில் முதல் ஒரு நிமிடம் முழவே இல்லை. சிறுமணிகளின் ஓசையும், அதற்கு மேலே ஒரு பெண்குரலின் மெல்லிய முனகலும் மட்டுமே. எந்தப் பாட்டென்று முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினார்.

“கண்ணை மூடிக்குங்கண்ணா.”

அழகிரிசாமி கண்ணை மூடினார். ஹம்சா விசையை அழுத்தினார்.

பனித்துளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டுவதுபோல் மணிகள் தொடங்கின. அவற்றின்மீது குரல் ஒரு நூலிழையாக ஏறியது. அழகாகத்தான் இருந்தது. அது என் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அரை நிமிடம் ஆகியிருக்கும்.

“போடுங்க பாய்,” என்றார் அழகிரிசாமி.

ஹம்சா புன்னகைத்தார், அதுவும் ஒரு குத்தல் என்றே நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். குரல் இன்னும் மேலே ஏறியது.

“ஏனுங்க, கரண்ட் இல்லீங்களா?”

இம்முறை கண்ணைத் திறந்து கேட்டார். கேலி இல்லை, காத்திருக்கும் மனிதனின் முகம். ஹம்சாவின் புன்னகை நின்றது. கை தானாகச் சென்று எந்திரத்தை நிறுத்தியது.

“சிக்கிக்கிச்சுங்கண்ணா. தேஞ்ச டேப்பு. வேற ஒண்ணு பதிஞ்சு வெக்கறேன், அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க.”

அழகிரிசாமி எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பச்சை, சிவப்பு விளக்கு வரிசை அதன் முகப்பில் இருந்தது. அது இப்போதுதான் அணைந்திருந்தது.

“வெளக்கு ஏறி எறங்குச்சுங்களே பாய்,” என்றார் மெதுவாக.

வேங்கடசாமி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரை. பிறகு சிரித்தார்.

“அப்பறம் ரெண்டு வருசமா எதைக் கேட்டுப்போட்டுங்கண்ணா மட்டம்னு சொன்னீங்க?”

“வேங்கடசாமி, கடையை உட்டு எறங்கு,” என்றார் ஹம்சா. அதுவரை அவர் எவரையும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அழகிரிசாமி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “அவனை ஏனுங்க வையறீங்க. வேங்கடசாமி, அந்தக் குழுவையே கூப்பிட்டுக்க கண்ணு,” என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

பேருந்துக்கு நடக்கும்போது அவர் என்னிடம் ஒன்றே கேட்டார்.

“எப்ப ஆரம்பிச்சுதுங்க?”

“நீங்கள் கண்ணை மூடியதும்.”

தலையசைத்தார்.

மறுநாள் மாலை நான் சென்றபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். பங்காரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

“மூணு வருசமாவே இப்படித்தானுங்க. குக்கர் விசில் கேக்காது. மானசா கூப்புட்டாத் திரும்ப மாட்டாரு. ஏதோ பாட்டு நெனப்புல இருக்காராட்டன்னு நாங்களும் உட்டுப்போட்டமுங்க.” முறத்தைக் கீழே வைத்தார். “வாரா வாரம் பக்கத்துல நின்னு பாடறீங்களே. உங்களுக்கும் தெரியலீங்களா?”

அவர் முழங்கை என் விலாவில் பட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. என் சுருதி தேர்ந்துவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

காது மருத்துவரிடம் நானே அழைத்துச் சென்றேன். தலையில் கருவியைப் பூட்டி, ஓசை கேட்டால் விரலை உயர்த்தச் சொன்னார்கள். விரல் நெடுநேரம் உயரவில்லை. இருபத்து நான்கு ஆண்டு எந்திர இரைச்சலில் உட்செவி நரம்பு கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். மெல்லிய, உச்சமான ஓசைகள்தாம் முதலில் போகுமாம். இரைச்சலுக்கிடையே வரும் சொற்கள் கலங்கிப்போகுமாம். பழகிய பாட்டும் பழகிய குரலும் மட்டும் நினைவின் துணையால் கேட்பதுபோலவே இருக்குமாம். கெட்டது மீளாது, இரைச்சலை விட்டு விலகினால் எஞ்சியதாவது நிற்கும். மூன்றாண்டு முன்பே வந்திருந்தால் எஞ்சியது மிகுதியாக இருந்திருக்கும்.

“காதுல பஞ்சு வெச்சுக்கறதில்லையா?” என்று மருத்துவர் கேட்டார். மற்றத் தொழிலாளர்கள் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொள்வார்கள். நான் கேள்வியை அவர் காதருகே திருப்பிச் சொன்னேன்.

“இல்லீங்க. காதை அடைச்சுப் பழக்குனா அது மழுங்கிப் போகுமுங்க,” என்றார் அழகிரிசாமி.

வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். கேட்டால் மருத்துவச் சான்று காட்ட வேண்டும். காட்டினால் வேலைக்குத் தகுதியற்றோர் பட்டியலில் பெயர் ஏறும். அந்த ஆண்டுகளில் ஆட்குறைப்புக்காக மில்கள் அத்தகைய பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தன. அவர் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

குடியிருப்பில் “கரண்ட் இல்லீங்களா” என்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் குழாயடியைக் கடக்கும்போது யாரேனும் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கும் வாய்களை அவர் பார்ப்பார். பெருமாள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். பதினோரு ஆண்டு அவர் தேர்ந்த குழுக்களைப் பற்றியும் இப்போது வேறுவிதமாகப் பேசினார்கள். வயலின்காரரின் கும்பிட்டைக்கூட எவரும் நம்பவில்லை.

நான் ஒருநாள் தனியே ஹம்சாவின் கடைக்குப் போய், அந்தப் பாட்டை முழுதும் போடச் சொன்னேன். மணிகள், முனகல், பிறகு முழவு, அதன்பின் பல்லவி. சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டன. இரண்டாம் முறையும் போடச் சொன்னேன். அப்போதும் தெளிவாகவே கேட்டன. இரண்டு ஆண்டுகள் ஒரு மனிதர் தமக்குச் சொல் கேட்கவில்லை என்று என்னிடம் வாரந்தோறும் சொல்லியிருக்கிறார். நான் அதைத் திறனாய்வு என்று ஊரெல்லாம் மெச்சியிருக்கிறேன்.

“பாட்டு நல்லாத்தான் இருக்குது,” என்றேன்.

“நல்ல பாட்டுத்தானுங்க. ஆனா ஊர் தூக்கி வெக்கற அளவு எல்லாப் பாட்டும் இல்லீங்க. அண்ணன் சொன்னதுல பாதி நெசம்.” ஹம்சா நாடாவை உறையில் போட்டார். “எங்கிட்ட வாரவங்க எதுத்தே பேச மாட்டாங்க. அண்ணன் ஒருத்தருதான் பேசுனாரு. இனி யாரு சொன்னாலும், உனக்கும் காது போச்சான்னுதான் கேப்பாங்க.”

திருவிழாக் கச்சேரி மாலை ஆறு மணிக்கு. அன்று காலைப் பணிக்குப் போக வேண்டிய அழகிரிசாமி, வேறொருவரிடம் கேட்டு மாலைப் பணிக்கு மாற்றிக்கொண்டார் என்று பங்காரம்மா சொன்னார். அந்தப் பணி தொடங்கும் நான்கு மணிக்கு முன்பே மில் வாசலுக்குப் போனேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்.

“இந்த இரைச்சலுக்குள் இன்னும் போக வேண்டுமா?” என்று அவர் காதருகே கேட்டேன்.

“உள்ள எல்லாருமே கைச்சாடையிலதானுங்க பேசுவோம். அங்க எனக்கு ஒரு கொறையும் தெரியாதுங்க.”

நான் அந்தப் பாட்டை முழுதும் கேட்டேன் என்றேன். அவர் முகம் மாறியது.

“சொல்லு கேட்டுதுங்களா?”

“கேட்டது.”

“என்ன சொல்லுங்க? சொல்லுங்களேன்.”

முப்பது ஆண்டாகப் பெருமாளைத் தவிர வேறெவரையும் பாடாத வாயால், மில் வாசலில், பணிக்கு வருவோர் நின்று பார்க்க, அந்தத் திரைப்பாட்டின் அடிகளை ஒவ்வொன்றாக அவர் காதில் உரக்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் அடியில் ஆள்காட்டி விரல் சற்று உயர்ந்தது.

“அந்த அடி சும்மா ரொப்பி வெச்சதுங்க. மத்தது தேவலை.” பிறகு கேட்டார்: “மெட்டு எப்படீங்க?”

பல்லவியின் தொடக்கத்தைப் பாடினேன். அவர் தலையைச் சாய்த்தார். இன்னும் உரக்கப் பாடினேன். எனக்குத் தெரிந்த அளவில் சுருதி பிசகவில்லை. அவர் கண்ணைத் திறந்து, என் உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரீங்க, டயமாச்சு,” என்று தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனார்.