குழந்தை இல்லாத அந்தோனியாருடன் வஹகோட்டைக்கு

அந்தோனியார் திருவிழா ஞாயிறு, காலை 5.50. மாத்தளை பஸ் நிலையம்.

கலேவெல பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஓர் அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயதுத் தொந்திக்காரனுக்கு இலங்கையில் யாரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. என் தோளில் நீலத் துவாய்க்குள் இருந்ததைப் பச்சைப் பிள்ளை என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. இரண்டு தட்டுத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

துவாய்க்குள் இருந்தவர், தொலைந்ததைத் தேடித் தரும் புனித அந்தோனியார். மரச் சொரூபம், ஒன்றேகால் அடி. வஹகோட்டைக்கு டிக்கெட் 180 ரூபாய். பிள்ளைக்கு வேண்டாம் என்றார் நடத்துநர்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளுக்கு முன்னால் என் அடையாள அட்டை தொலைந்தது. திங்கட்கிழமை கொழும்பில் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் காது அடைக்கும், பிறகு வாய் திறக்கும். என் மனைவி ரீட்டாவைப் பார்த்து, "நீ இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்காது" என்று சொன்னேன்.

அதோடு நின்றிருக்கலாம். ரீட்டா பிறந்த வஹகோட்டையில் ஒரு பழக்கம் இருப்பதாக அவள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள். தொலைந்தது கிடைக்காவிட்டால் அந்தோனியார் கையிலிருக்கும் குழந்தை இயேசுவை எடுத்து ஒளித்து வைத்துவிட வேண்டும். பொருளைத் தேடித் தந்தால்தான் பிள்ளை திரும்பக் கிடைக்கும் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். அன்று மாலை நான் அதையும் செய்தேன். குழந்தை கட்டைவிரல் அளவு. கீழே ஒரு சின்ன மரமுளை, இழுத்ததும் வந்துவிட்டது.

மறுநாள் காலை ரீட்டா பையை எடுத்துக்கொண்டு திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாளுக்கென்று வஹகோட்டையிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நவநாளுக்குத்தான் போனாளா, என்னை விட்டுப் போனாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் மழை பெய்தது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பையில் கையை விட்டால் அடையாள அட்டை. நானேதான் வைத்திருக்கிறேன். அந்தோனியார் தன் பங்கை முடித்துவிட்டார். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று போனேன். எங்கே ஒளித்தேன் என்பது நினைவில் இல்லை.

அலமாரி, சப்பாத்து, வானொலிப் பெட்டியின் முதுகு, தலையணை உறை என்று ஆறு நாள் தேடினேன். நேற்று ரீட்டாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "வரும்போது அந்தோனியாரக் கொண்டு வாங்க." வருஷா வருஷம் திருவிழாவில் சாமியாரிடம் மந்திரித்துக் கொண்டுவருவாள். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த சொரூபம் அது.

காலை 6.40. பலாபத்வெல தாண்டியாயிற்று.

பக்கத்து இருக்கையில் ஒரு முஸ்லிம் வியாபாரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆகவே எனக்கு 'நானா', அண்ணன். கலேவெலவுக்கு மிளகு வாங்கப் போகிறார். ஒரு குலுக்கலில் துவாய் விலகி மொட்டைத் தலை வெளியே வந்தது. இடம் கொடுத்த அம்மா பார்த்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுந்து இடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ன சங்கதி என்று விசாரித்தார். முழுவதையும் சொன்னேன். பஸ்ஸில் அந்நியரிடம் சொல்வது சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தைவிடச் சுலபம்.

"அப்ப அவர்ட பிள்ளையக் களவெடுத்து ஒளிச்சு வெச்சீங்க," என்றார். "இப்ப அதத் தேடித் தரச் சொல்லி அவர்ட்டயே போறீங்க."

"அப்படித்தான் நானா."

துவாயை இன்னும் கொஞ்சம் விலக்கிச் சொரூபத்தைப் பார்த்தார். "இந்தக் கையப் பாருங்க. இவ்வளவு நாளா பிள்ள இல்ல. கை இன்னும் தூக்கி வெச்ச மாதிரியேதான் ஈக்கி."

மரக்கை வேறெப்படி இருக்கும் என்று பகிடி விட வாயெடுத்தேன். அதற்குள் என் கையிலிருந்து ஓர் அட்டை காணாமல் போனதும் அந்தக் கையால் நான் செய்ததெல்லாம் ஞாபகம் வந்தது. மேசையில் குத்தினேன், லாச்சியை இழுத்துக் கவிழ்த்தேன், ரீட்டாவின் முகத்துக்கு நேரே விரல் நீட்டினேன்.

காலை 7.45. வஹகோட்டை.

கண்டி ராஜ்யத்து நாட்களில் இங்கே குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று ஊர்க்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். பேச்சு சிங்களம், பெயர்களில் லிஸ்பன் வாடை. கோயில் வளவு முழுக்க வாகனங்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறியிலேயே ஒரு கூட்டம் வந்து இறங்கியிருந்தது. சிங்களப் பூசை. எட்டு வரிசைக்கு முன்னால் ரீட்டாவின் பின்னந்தலை தெரிந்தது. பூசை முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை 9.30.

கடைசி முயற்சியாகச் சொரூபக் கடைக்குப் போய், குழந்தை மட்டும் கிடைக்குமா என்று சிங்களத்தில் கேட்டேன். கடைக்காரர் என் மாத்தளைத் தமிழ் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"தனியா விக்கிறதில்ல மாத்தயா. காலையில இருந்து நீங்க மூணாவது ஆள்."

மற்ற இருவர் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் அவர்களை எனக்குப் பிடித்துப்போனது. 1,200 ரூபாய்க்கு முழு அந்தோனியார் ஒருவர் இருந்தார். குழந்தையை மெதுவாக அசைத்துப் பார்த்தேன். சாந்தில் ஒன்றாக வார்த்தது. இரண்டு பேரையும் பிரிக்க வழியில்லை.

காலை 11.00. சாப்பாட்டுப் பந்தல்.

அந்தோனியார் பேரில் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. மஞ்சள் சோறு, பருப்பு, கத்தரிக்காய், சம்பல். சோற்றுச் சட்டிக்குப் பின்னால் அகப்பையோடு ரீட்டா, பக்கத்தில் அவள் அக்கா. ஒரு கையில் தட்டு, மறுகையில் துவாய்ப் பொட்டலம், நான் வரிசையில் நின்றேன். பஸ்ஸில் நான்கு மன்னிப்புகள் தயார் செய்திருந்தேன். நான்கிலும் ஓர் "ஆனா" இருந்தது.

என் முறை வந்தது. ரீட்டா தட்டைத்தான் பார்த்தாள்.

"அந்தோனியாரக் கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்தேன். முழுசா இல்ல."

துவாயை விலக்கினாள். வெறுங்கையைப் பார்த்தாள். எனக்குக் காது அடைக்கத் தொடங்கியது. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"ஐடென்டி என் மழைக்கோட்டுலதான் இருந்துச்சு, ரீட்டா. நான்தான் வச்சேன். மூணாம் நாளே கெடச்சிருச்சு. வெக்கத்துல சொல்லல. அன்னைக்கு ஒன்னச் சொன்னது தப்பு."

பின்னால் வரிசை முனகியது. அவள் அகப்பையைச் சட்டியில் வைத்தாள்.

"இத்தன நாளா என்ன சாப்பிட்டீங்க?"

"கடையில."

"ஒரு நாள் கூட ஒல வைக்கலயா?"

"இல்ல."

முதலில் சிரித்தது அக்காதான்.

"அரிசி வாளியில இருக்கு," என்றாள் ரீட்டா. "அன்னைக்கு ராத்திரி அரிசி அளக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. மேல இன்னும் கொஞ்சம் அரிசியப் போட்டு மூடிட்டு வந்தேன். பசிச்சா கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன்."

"வீட்டுக்கு வர்றியா?"

"செவ்வாக்கெழம வாறேன். அது வரைக்கும் ஆக்கிச் சாப்பிடுங்க."

இன்னொரு அகப்பை சோறு விழுந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அவளே சொரூபத்தைச் சாமியாரிடம் கொண்டுபோனாள். அவர் வெறுங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தீர்த்தம் தெளித்தார். இந்த ஊருக்கு வந்து போகும் சாமியார்கள் பார்க்காத வெறுங்கையா.

பிற்பகல் 1.20க்குத் திரும்பும் பஸ். இந்த முறை அந்தோனியாரைத் துவாயில் சுற்றவில்லை. யாரும் இடம் தரவில்லை. மாத்தளை வரை நின்றுகொண்டே வந்தேன்.

மாலை 4.00. வீடு.

வஹகோட்டை போய் வர 360 ரூபாய், ஒரு நாள். என் கட்டிலிலிருந்து அரிசி வாளி பதினோரு அடி. முழங்கை வரை கையை விட்டேன். குழந்தை, முதுகில் ஒரு வண்டு ஊர, வந்து சேர்ந்தார். துடைத்து, முளையைத் துளையில் வைத்து அழுத்தினேன். அந்தோனியாரின் கை பழைய இடத்திலேயே இருந்ததால் சரியாகப் பொருந்தியது. பிறகு ஒரு சுண்டு அரிசி அளந்து உலை வைத்தேன். அடிபிடித்தது. சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை கொழும்புக்குப் போய் வந்தேன். வழியில் பதினான்கு முறை அட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பதற்றம் ஒரே திருவிழாவில் தீர்கிற வியாதி அல்ல.

செவ்வாய் பகல் ரீட்டா வந்தாள். முதலில் சொரூபத்தைப் பார்த்தாள், பிறகு சட்டியைத் திறந்தாள். இரண்டு சுண்டு அரிசி, கொஞ்சம் குழைந்த சோறு. உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள்.

"உப்பு இல்ல. உப்புப் போத்தல் எங்க?"

திரும்பிப் பார்த்தேன். வழக்கமான தட்டில் இல்லை. காது அடைத்தது. வாய் திறந்தது.

"நான்தான் எங்கயோ வச்சிருப்பேன்," என்றேன். "நீ சாப்பிடு. தேடிக் கொண்டு வாறேன்."