ரவைக்குள் இருந்த கல்

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினுக்கு வயசாகிவிட்டது. திரையில் ரவையைக் கொட்டிவைத்ததுபோல வெறும் புள்ளியாகத்தான் படம் தெரியும். அந்த ரவைக்குள் ஈரல் எது, பித்தப்பை எது, குடல் காற்று எது என்று பிரித்துச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். கொடைக்கானலில் வயிற்றுவலி என்று எங்களிடம் யார் வந்தாலும் என் அறைக்குத்தான் அனுப்புவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை.

போன வருஷம் மதுரையிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்து சேர்ந்தாள். மெஷினில் சேமித்த படங்களைத் தன் லேப்டாப்புக்கு மாற்றி, ஒரு மென்பொருளில் ஓட்டுவாள். புள்ளிகள் அடங்கும், மங்கிக் கிடந்த ஓரங்கள் பென்சிலால் வரைந்ததுபோல எழும்பி வரும். நர்ஸுகள் அவள் நாற்காலிக்குப் பின்னால் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் இத்தனை வருஷத்தில் யாரும் அப்படி நின்றதில்லை. அந்த லேப்டாப்புக்கு நான் 'பியூட்டி பார்லர்' என்று பேர் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் மேல்மலையில் இருக்கும் போளூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பூண்டுக் காட்டில் கூலி வேலை, சாப்பிட்டால் மேல் வயிற்றில் வலி. நான் ஸ்கேன் பார்த்து, ஒன்றுமில்லை, வெறும் கேஸ் என்று மாத்திரை எழுதி அனுப்பினேன். அடுத்த மாதம் அதே வலியோடு, வெறும் வயிற்றில், முதல் பஸ் பிடித்துத் திரும்ப வந்துவிட்டார்.

அவரை நான் உள்ளே கூப்பிடுவதற்குள் இளையவள் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள். லேப்டாப்பில் நான் போன மாதம் எடுத்த படம். பித்தப்பைக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு, அதற்குக் கீழே, கல் இருந்தால் விழுகிற மெல்லிய கறுப்பு நிழல்.

"இது நீங்க எடுத்த படம்தான் மேடம். நான் புதுசா ஒண்ணும் சேக்கல. உங்க படத்துலயே கெடக்கு."

கதவைச் சாத்தியது என் மானத்தைக் காப்பாற்ற என்று புரிந்தது. நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இப்படி மெருகேற்றினால் இல்லாததும் இருப்பதுபோலத் தெரியும் என்றேன். இருக்கலாம், நீங்களே இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். அவளுக்கு அழகான கையெழுத்து வேறு. அன்றைக்கு அதுகூட எனக்கு உறுத்தியது.

அந்த அம்மாவைப் படுக்கவைத்து, வயிற்றில் ஜெல் தடவினேன். திரையில் பழைய ரவைதான். பொட்டு மாதிரி ஏதோ தெரிந்தது, தெரியாமலும் இருந்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் தெரிந்துவிடும். கல்லாக இருந்தால் உருளும். சொல்வதற்கு முன்னால் வாய்க்குள்ளேயே ஜெபிக்க ஆரம்பித்தேன். கர்த்தரே, இருக்கக்கூடாது, இருக்கவே கூடாது. கல் இருந்தால் அவள் ஜெயித்தாள், இல்லையென்றால் நான். படுத்திருந்தவருடைய வலி என் நினைப்பிலேயே இல்லை.

இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். பொட்டு மெதுவாக உருண்டு கீழே போய் உட்கார்ந்தது.

கல் இருக்கிறது, போன தடவை நான் கவனிக்கவில்லை, திண்டுக்கல்லுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. எழுந்து உட்கார்ந்து ஜெல்லைத் துடைத்தார். பிறகு பூண்டு வாசம் போகாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வாய்க்குள்ள ஜெபம் பண்ணுனதப் பாத்தேன் டாக்டரம்மா. எனக்காகத்தான?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.